பூசாமல் விட்ட ஒரு முழம்

முன்னொரு காலத்தில், கடல்நீரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று மீன்கள் ருசி பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், பவழத்துறை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. நம்பாதவர்கள் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்காருங்கள். நம்புகிறவர்களுக்கு இடம் வேண்டும்.

அந்தப் பவழத்துறையில், துறைமுகத்தை ஒட்டினாற்போல் ஒரு தெரு. அதில் குடியிருந்தவர்கள் யூதர்கள். வெகு காலத்துக்கு முன்னால் எருசலேம் என்ற ஊரில் அவர்களுக்கு ஒரு கோயில் இருந்தது. பகைவர்கள் அதை எரித்துவிட்டார்கள். அன்றைக்குக் கிளம்பிய கால்கள் நிற்கவே இல்லை. ஓர் ஊரில் வாருங்கள் என்றார்கள், பிறகு துரத்தினார்கள். இன்னோர் ஊரில் வாருங்கள் என்றார்கள், பிறகு துரத்தினார்கள். மூன்றாவது ஊரில், நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று சத்தியம் செய்து வாருங்கள் என்றார்கள், பிறகு அவர்களும் துரத்தினார்கள். கடைசியில் ஒரு கப்பல் நிறைய ஜனங்கள் பவழத்துறைக்கு வந்து இறங்கினார்கள். அன்றைக்கு இருந்த ராஜா கரைக்கே வந்து, "சூரியனும் சந்திரனும் உள்ளவரை இந்தத் தெரு உங்களுடையது" என்று அவர்கள் கையில் தண்ணீர் விட்டுத் தாரை வார்த்துக் கொடுத்தார்.

வந்தவர்கள் வீடு கட்டினார்கள். நல்ல வீடுகள், தேக்குக் கதவு, சுண்ணாம்புச் சுவர். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும், வாசலுக்கு எதிரே உள்ள சுவரில், ஒரு முழத்துக்கு ஒரு முழம் சதுரமாகப் பூசாமல் விட்டார்கள். அந்த இடத்தில் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். முதல்முறை வருகிற யாரும் கேட்காமல் போகமாட்டார்கள்.

"வீட்டு வேலை இன்னும் முடியலையா?"

"இல்லை, இன்னும் முடியலை" என்பார்கள் வீட்டுக்காரர்கள்.

எத்தனை நல்ல வீடு வாய்த்தாலும், எரிந்துபோன அந்தக் கோயிலை, தங்கள் முதல் வீட்டை நினைக்க ஒரு முழம் இடம் வேண்டும். அது அவர்கள் வழக்கம்.

அந்தத் தெருவில் எலியாவு என்று ஒரு மிளகு வியாபாரி இருந்தார். அவருக்கு ஒரே மகள், பெயர் சிப்போரா. மனைவி நகோமி இறந்துபோய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அப்பாவும் மகளும் விடாமல் சண்டை போடுவார்கள். எதைப் பற்றி என்கிறீர்களா? துரத்தப்பட்ட கடைசி ஊரில் அவர்கள் வீட்டு முற்றத்தில் நின்ற அத்திமரம் பச்சைப் பழம் காய்த்ததா, ஊதாப் பழம் காய்த்ததா என்று. இரண்டு பேருமே அந்த மரத்தைப் பார்த்ததில்லை. எலியாவின் கொள்ளுப்பாட்டனார்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் பச்சை என்பார் அப்பா, ஊதா என்பாள் மகள், கடைசியில் இருவருமாக வாசலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பார்க்காத ஊருக்காக மனசு இப்படி ஏங்குமா என்றால், ஏங்கும். பார்த்த ஊருக்காக ஏங்குவதைவிட அதிகமாகவே ஏங்கும்.

அந்த வீட்டின் சாவி அவர்களிடம் இருந்தது. உள்ளங்கை நீளத்துக்கு இரும்புச் சாவி. பூட்டிவிட்டு வந்தவர்கள், திரும்பிப் போவோம் என்று நினைத்து எடுத்து வந்தது. அந்தக் கதவு என்றைக்கோ விறகாகியிருக்கும். ஆனாலும் சாவியைப் பூசாத சதுரத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி, வருஷா வருஷம் பஸ்கா பண்டிகைக்கு முன்னால் எலியாவு எண்ணெய் போட்டுத் துடைப்பார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். சிப்போரா விளக்கேற்றி, அம்மா பாடிய பாட்டைப் பாடுவாள். சனிக்கிழமை பொழுது இறங்கி வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிகிறவரை அவர்கள் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். பிறகு பாலுக்கு என்ன வழி? பக்கத்துத் தெருவில் அஞ்சுகம் என்று ஒரு பூக்காரப் பெண் இருந்தாள். சிப்போராவோடு பல்லாங்குழி ஆடி வளர்ந்தவள். சனிக்கிழமை விடிந்ததும் தானாக வருவாள், அடுப்பைப் பற்றவைப்பாள், பாலைக் காய்ச்சி இறக்குவாள், ஒரு துண்டு முட்டைப் பணியாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விடுவாள். வா என்று இவர்கள் கேட்கக்கூடாது, கேட்டால் வேலை ஏவினதாகிவிடும். அவளுக்கும் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இப்படி இருக்கையில் பவழத்துறை ராணி அல்லியங்கோதை காய்ச்சலில் இறந்துபோனாள். இளவழுதி ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, ராஜ்யம் நினைவில் இல்லை. அப்போதுதான் அவன் வந்தான்.

தலைமுடி வெள்ளை, புருவம் வெள்ளை, தோலும் வெள்ளை. அவனே தன்னை வெண்சுதையார் என்று சொல்லிக்கொண்டான். வெயில் இல்லாத நேரத்திலும் குடை பிடித்திருந்தான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்றான். குளத்துப் பக்கம் அவன் போய் யாரும் பார்த்ததில்லை.

"மகாராஜா, துக்கத்தை யாராலும் எடுக்க முடியாது. ஆனா பூசி மறைக்கலாம்" என்றான்.

"பூசு" என்றார் ராஜா. பாவம், அந்த நிலையில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

வெண்சுதையான் அரண்மனைச் சுவர் முழுக்கத் தன் சுண்ணாம்பைப் பூசினான். அது மந்திரச் சுண்ணாம்பு. அந்தச் சுவர்களுக்குள் ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் போதும், மறக்க வேண்டியதும் மறந்துவிடும், மறக்கக்கூடாததும் மறந்துவிடும். ராஜா மறுநாள் எழுந்து வயிறாரச் சாப்பிட்டார். ராணியின் பட்டுச் சேலையை எடுத்துவைக்க வந்த தாதி அழுதபோது, "யாருடைய சேலை அது?" என்று கேட்டார்.

பிறகு ஊருக்குள் தண்டோரா போட்டார்கள். கவலை தீர்க்கும் சுண்ணாம்பு, காசு வேண்டாம். காசு வேண்டாம் என்றால் நம் ஜனங்களைக் கேட்க வேண்டுமா? வீட்டுக்கு வீடு பூசிக்கொண்டார்கள். பங்காளிச் சண்டை மறந்தது, நல்லதுதான். செத்துப்போனவர்களை மறந்தார்கள். வாக்குக் கொடுத்தது மறந்தது. யார் பிரசவத்துக்கு யார் ஓடிவந்தார்கள் என்பது மறந்தது. ஒன்றும் நினைவில்லாத ஜனங்கள், யார் எதைச் சொன்னாலும் நம்புவார்கள், எதைச் செய்யச் சொன்னாலும் செய்வார்கள். வெண்சுதையானுக்கு வேண்டியதும் அதுதான். அவன் மந்திரி ஆனான், பேருக்குத்தான் ராஜா என்று ஒருவர் இருந்தார்.

சேவகர்கள் யூதர் தெருவுக்கும் வந்து பூசினார்கள். பூசட்டும் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். ஆனால் வழக்கம்போல் வாசலுக்கு எதிரே ஒரு முழம் மட்டும் பூசவிடவில்லை. தூங்கினார்கள், எழுந்தார்கள், ஒன்றும் மறக்கவில்லை. மந்திரம் அந்த ஒரு முழத்தின் வழியாக வடிந்து போய்விட்டது.

ராணியின் திதி வந்தது. ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை. சிப்போரா மட்டும் ஒரு கூடை தாமரையோடு அரண்மனை வாசலில் போய் நின்றாள். காவல்காரன் யாருக்கு என்று புரியாமல் விழித்தான். மாடத்திலிருந்து வெண்சுதையான் அதைப் பார்த்தான்.

மறுநாளே குடையோடு அவள் வீட்டுக்குள் நுழைந்தான். எதிர்ச்சுவரைப் பார்த்தான்.

"வீட்டு வேலை இன்னும் முடியலையா?"

"இல்லை, இன்னும் முடியலை" என்றாள் சிப்போரா.

"நான் முடிச்சுத் தரட்டுமா? அழுது அழுது உங்க ஜனங்களுக்கு அலுக்கலையா? ஒரு கை சுண்ணாம்பு. துரத்தினது, எரிச்சது, கடல்ல அலைஞ்சது, எல்லாம் போயிடும்."

"பாட்டும் போயிடுமே" என்றாள் சிப்போரா.

அவன் குடையை விரித்துக்கொண்டு கிளம்பிப் போனான். அன்றிலிருந்து ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. அந்தத் தெருக்காரர்கள் நேற்று வந்தவர்களாம். அவர்கள் வீட்டுச் சுவர் ஓட்டை வழியாகத்தான் நோய் வருகிறதாம். மழை பெய்யாததற்கும் அதுதான் காரணமாம். மேகத்தைத் தன் மந்திரத்தால் கட்டிவைத்தவனே இதைச் சொன்னான், ஊர் கேட்டுக்கொண்டது. கூடவே வளர்ந்தவர்கள், கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்கள், அவர்கள்தான் தெருமுனையில் நின்று கல்லெறிந்தார்கள். சனிக்கிழமை விடிந்தது, அஞ்சுகம் வரவில்லை. சந்தையில் எதிர்ப்பட்டபோது பூக்கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஒதுங்கினாள்.

"அஞ்சுகம், நான்தான்டி" என்றாள் சிப்போரா.

"தள்ளிப் போ. உங்க வீட்டு ஓட்டையாலதான் எங்க கிணறு வத்திப்போச்சாம்."

கல் விழுந்தபோது அழாத சிப்போரா அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதாள்.

அரண்மனையிலிருந்து உத்தரவு வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஒரு முழத்தைப் பூசிவிட்டவர்கள் ஊரில் இருக்கலாம். பூசாதவர்கள் வீட்டுச் சாவியை ராஜசபையில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கப்பல் ஏறவேண்டும். தெருவில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் பெரும்பாலானவர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். மூட்டை கட்ட அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எலியாவு மட்டும் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு முழம் சுவருக்காக உன்னைக் கடல்ல கொண்டு போய் அலைய விடணுமா? பூசிடலாம்மா. நான் மனசுல நினைவு வச்சுக்கறேன். மனசுக்கு யார் சுண்ணாம்பு பூச முடியும்?"

"வேண்டாம்ப்பா."

"உங்கம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பா?"

"பாடியிருப்பா" என்றாள் சிப்போரா.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓய்வுநாள் சமையலுக்கு மீன் வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது எதிர்ச்சுவர் முழுக்க வெள்ளையாக இருந்தது. சாவி தரையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போடுவது எலியாவின் பழக்கம். அன்றைக்கும் போட்டிருக்கிறார். எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் அவளைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"யாரும்மா நீங்க? மீன் விக்க வந்தீங்களா?"

சிப்போரா மீனைக் கீழே வைத்தாள். அப்பா என்று கூப்பிட்டாள். அவர் யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தார்.

பொழுது சாய்ந்தது. சிப்போரா முற்றத்தில் இரண்டு அகல்விளக்கை ஏற்றிவைத்து அம்மாவின் பாட்டைப் பாடினாள். எலியாவு வாசற்படியில் நின்று கேட்டார்.

"நல்ல பாட்டு. எந்த ஊர்ப் பாட்டு?"

"நம்ம ஊர்ப் பாட்டு."

"அப்படியா? பவழத்துறையில நான் கேட்டதே இல்லையே."

அவள் முற்றத்துத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போது முருங்கைமரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"உள்ளே போய்த் தூங்கிடாதே. தூங்கினா நீயும் போயிடுவே."

பார்த்தால் ஒரு பல்லி. பூசாத சதுரத்தின் செங்கல் சந்தில் காலங்காலமாகக் குடியிருந்த பல்லி அது.

"நீ பேசுவியா?"

"பேசாம என்ன? நான் தொண்டையைக் கனைச்சாக்கூட வடக்கே சொல்லிச்சு, தெற்கே சொல்லிச்சுன்னு பலன் பார்க்கிற ஊர் இது. வாயைத் திறந்து பேசினா விடுவாங்களா? அதான் சும்மா இருந்தேன். இப்ப உங்கப்பா என் வீட்டு வாசலையே பூசிட்டார். உங்க வேதத்துல என்னை அசுத்தப் பிராணின்னு எழுதி வச்சிருக்கீங்க, அதுக்காக நான் கோவிச்சுக்கல. வீட்டைப் பறிச்சா கோவம் வராதா?"

"எனக்கும்தான் வருது. என்ன செய்யலாம்?"

"அந்த ஒரு முழத்தை உடை. மந்திரம் ஓடிடும். இப்பவே உடை."

சிப்போரா எழுந்தாள். விளக்கைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"விளக்கேத்தியாச்சு. ஓய்வுநாள்ல கட்டவும் மாட்டோம், இடிக்கவும் மாட்டோம். நாளைக்கு மூணு நட்சத்திரம் வரட்டும்."

"பெத்த அப்பன் உன்னை மறந்து நிக்கறார். இதுல நாள் பார்க்கறியா நீ?"

"அவரை எதுக்கு மீட்கணும்? இதையெல்லாம் மறக்காம இருக்கத்தானே. இதை நானும் மறந்துட்டு அவரை மீட்டு என்ன பிரயோஜனம்?"

பல்லி வாலைச் சுருட்டிக்கொண்டு முருங்கைக் கிளையிலேயே படுத்தது.

அவள் வாழ்நாளில் அவ்வளவு நீளமான ஓய்வுநாள் வந்ததில்லை. சனிக்கிழமை காலை எலியாவு தானே அடுப்பைப் பற்றவைத்தார். அறுபது வயது மனிதர், ஓய்வுநாளில் நெருப்பைத் தொடாதவர், விசிலடித்துக்கொண்டே விறகைத் தள்ளினார். பாலைக் காய்ச்சி முற்றத்துக்குக் கொண்டுவந்து நீட்டினார். மறந்தாலும் நல்ல மனிதர் நல்ல மனிதர்தான்.

"குடிங்கம்மா, முகம் வாடியிருக்கு. நாளைக்கு ஒரு கப்பல் போகுதாம். யாரோ ஒரு ஜனங்களாம். அவங்க போயிட்டா மழை வருமாம்."

அவள் தம்ளரை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். குடிக்கவில்லை.

ஒருவழியாகப் பொழுது இறங்கியது. ஒரு நட்சத்திரம் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்ததுதான் தாமதம், சிப்போரா உள்ளே ஓடினாள். அரிவாள்மனையை எடுத்துச் சுவரைக் கீறினாள், அலகு மழுங்கியது. உளியை வைத்து அடித்தாள், உளி வளைந்தது. தேங்காய்த் துருவியால் சுரண்டினாள், அதன் பல்தான் உதிர்ந்தது. சுவரில் ஒரு கோடுகூட விழவில்லை.

"அது மறக்க வைக்கிற சுண்ணாம்பு" என்றது பல்லி. "மறக்காத பொருள் எதாவது இருந்தா அதால கீறு."

தரையில் கிடந்த சாவியை அவள் எடுத்தாள். இல்லாத கதவை இத்தனை தலைமுறையாக நினைத்துக்கொண்டிருந்த சாவி. சுவரில் வைத்துப் பூட்டில் திருப்புவதுபோல் திருப்பினாள். ஒரு முழத்துக்கு ஒரு முழம் பொலபொலவென்று உதிர்ந்தது. செங்கல் தெரிந்தது.

எலியாவு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நகோமி" என்றார் முதலில். பிறகு அடுப்பைப் பார்த்தார், அதில் இன்னும் தணல் இருந்தது. முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"ஓய்வுநாள்ல நெருப்பு மூட்டிட்டேனே."

"மறந்து செய்ததுக்குப் பாவம் இல்லப்பா."

"உன்னையே மறந்துட்டேனே."

"அதுக்கு உண்டு. அத்திப்பழம் ஊதான்னு ஒத்துக்கோங்க, மன்னிச்சுடறேன்."

அவர் அழுகைக்கு நடுவிலும் தலையை ஆட்டினார். "பச்சைதான்" என்றார். அப்பா திரும்பி வந்துவிட்டார் என்று அவளுக்கு அப்போதுதான் நிச்சயமாயிற்று.

பல்லி சொன்னது: "வீடு வீடாக் கீற நேரம் இல்ல. இந்த மந்திரத்துக்கு வேர் அரண்மனைச் சுவர். அவன் முதல்ல பூசினது அதைத்தான். அங்கே ஒரு முழம் விழுந்தா ஊர் பூரா விழும்."

ஞாயிற்றுக்கிழமை காலை, துறைமுகத்தில் கப்பல் பாய் விரித்து நின்றது. யூதர் தெரு ஜனங்கள் மூட்டைகளோடு ராஜசபையில் வரிசையாக வந்து, ஒவ்வொருவராக வீட்டுச் சாவியை ராஜாவின் காலடியில் வைத்தார்கள். ராஜா துடைத்துவைத்த பாத்திரம்போல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் துக்கமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. பக்கத்தில் வெண்சுதையான், சபைக்குள்ளும் குடையோடு.

கடைசியாக சிப்போரா வந்தாள். வீட்டுச் சாவியை வைத்தாள். அதன்மேல் பழைய இரும்புச் சாவியை வைத்தாள். ராஜா குனிந்து பார்த்தார்.

"இது எந்த வீட்டுச் சாவி?"

"எங்க பழைய ஊர் வீட்டுச் சாவி, மகாராஜா. அந்த வீடு இப்ப இல்லை."

"இல்லாத வீட்டுக்குச் சாவி எதுக்கு?"

"வீடுதான் போச்சு. அதை நினைக்க நாங்க இருக்கோமே."

"அந்தத் துருப்பிடிச்ச இரும்பைக் கடல்ல எறியுங்க" என்றான் வெண்சுதையான்.

ராஜாவின் கண்ணில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு சின்ன ஆர்வம் தெரிந்தது. "இரு. பெண்ணே, இது எதையாவது திறக்குமா?"

"இந்தச் சபையில ஒரு இடத்துல வச்சுப் பார்க்கட்டுமா? திறக்கலைன்னா முதல் ஆளா நானே கப்பல் ஏறுறேன்."

"பார்" என்றார் ராஜா.

சிப்போரா அந்தப் பழைய சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு எதிரே இருந்த சுவருக்கு நேராக நடந்தாள். அவர்கள் வீடாக இருந்தால் எந்த இடத்தைப் பூசாமல் விடுவார்களோ, அந்த இடத்தில் சாவியை வைத்தாள். ஒருமுறை திருப்பினாள், ஒன்றும் ஆகவில்லை. சபையே சிரித்தது. இரண்டாம் முறை திருப்பினாள், மயிரிழைபோல் ஒரு விரிசல் ஓடியது. சிரிப்பு நின்றது. எலியாவு வரிசையில் நின்றபடி அந்தப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கினார், பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் முறை திருப்பினாள். ஒரு முழத்துக்கு ஒரு முழம் சுண்ணாம்பு பொத்தென்று கீழே விழுந்தது.

அடியில் இருந்த பழைய சுவரில் ஒரு படம் தெரிந்தது. கரித்துண்டால் கிறுக்கிய படம். இளவழுதி ராஜாவேதான், ஆனால் மீசை ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. கல்யாணமான புதிதில் ராணி அல்லியங்கோதை விளையாட்டாக வரைந்தது. அழிக்க வந்த வேலைக்காரனை, கையை வைத்தால் தெரியும் என்று விரட்டியவர் இதே ராஜாதான்.

ராஜா அதைப் பார்த்தார். தன்னையறியாமல் மீசையைத் தடவினார். சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அழத் தொடங்கினார்.

"கோதை" என்றார்.

வெண்சுதையான் பாய்ந்துபோய் இரண்டு கையாலும் படத்தை மறைத்தான். ராஜா வந்து அவன் கையைப் பற்றி விலக்கினார். அவர் கண்ணீர் ஒரு சொட்டு அந்த வெள்ளைக் கையில் விழுந்தது. உஸ் என்று ஆவி கிளம்பியது. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? கொதிக்கும். அவன் கொதித்தான். அவன் உடம்பு முழுக்கவே சுண்ணாம்புதான். ஊரைப் பூசுவதற்கு வெகு காலம் முன்னால் தன்னைத்தானே பூசிக்கொண்டவன் அவன், அம்மா வைத்த பெயர்கூட அவனுக்கு நினைவில்லை. ஒரு நிமிஷத்தில் நீறிப்போய்க் குவியலாக விழுந்தான். குடை மட்டும் மிச்சம். அந்தச் சுண்ணாம்பைப் பிறகு வெற்றிலைக்குக்கூட யாரும் தொடவில்லை.

ராஜா சிப்போராவின் பக்கம் திரும்பினார். அவர் குரல் கோபமாக இருந்தது.

"நிம்மதியா இருந்தேன். ஏன் திறந்தே?"

"துக்கம் தனியா வராது, மகாராஜா. ராணியம்மாவும் கூட வந்துட்டாங்களே."

அவர் படத்தின் எதிரே தரையில் உட்கார்ந்து வெகு நேரம் அழுதார். யாரும் தடுக்கவில்லை. வெளியே ஊரெங்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முழம் சுண்ணாம்பு விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கட்டி வைத்த மேகமும் அவிழ்ந்து மழை பிடித்துக்கொண்டது.

ராஜா எழுந்து சிப்போராவுக்கு மூன்று வரம் தருவதாகச் சொன்னார். முதல் வரமாக எல்லோருடைய சாவியையும் திருப்பிக் கேட்டாள். ராஜா தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். இரண்டாவதாக, முன்னோர் தாரை வார்த்துக் கொடுத்ததை அவர் ஒருமுறை வாயால் சொல்லவேண்டும் என்றாள். ராஜா மழைத்தண்ணீரைக் கையில் ஏந்தி அவர்கள் கையில் விட்டு, "சூரியனும் சந்திரனும் உள்ளவரை" என்றார். மூன்றாவது வரத்தை அவள் பல்லிக்குக் கொடுத்துவிட்டாள். தான் தொண்டையைக் கனைத்தால் இனி யாரும் பலன் பார்க்கக்கூடாது என்று பல்லி கேட்டது. மற்ற இரண்டும் நிலைத்தன. அந்த மூன்றாவதை மட்டும் இன்றுவரை நம் ஜனங்கள் காப்பாற்றவில்லை, உங்களுக்கே தெரியும்.

அடுத்த சனிக்கிழமை விடிந்தது. சிப்போரா கதவைத் தாழ்போடாமல் திறந்துவைத்திருந்தாள். அஞ்சுகம் வந்தாள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள், நிமிர்ந்து பார்க்க முடியவில்லை அவளால். பிறகு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து பற்றவைத்தாள். பாலைக் காய்ச்சி இறக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டது புகையால்தான் என்று வைத்துக்கொள்வோம். எழுந்து போகத் திரும்பியவளின் முன்னால் சிப்போரா பணியாரத் தட்டை நகர்த்தினாள். தெருமுனையில் விழுந்த கல்லை அவள் மறக்கவில்லை, மறக்கிற ஜாதி இல்லை அவர்கள். ஆனால் பல்லாங்குழி ஆடியதையும் அவள் மறக்கவில்லை. அஞ்சுகம் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பல வருஷங்கள் கழித்து வேற்று நாட்டுத் தூதர் ஒருவர் பவழத்துறை சபைக்கு வந்தார். பளபளவென்ற அரண்மனை, நடுவில் ஒரு முழச் சதுரம் மட்டும் சுண்ணாம்பு போய், கரிக்கோட்டு மீசையோடு நின்றது. தூதர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அரண்மனை வேலை இன்னும் முடியலையா?"

தலை நரைத்துப்போன ராஜா அந்தச் சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இல்லை" என்றார். "இன்னும் முடியலை."

அவர்கள் அங்கே மறக்காமல் வாழ்ந்தார்கள், நாம் இங்கே கேட்டுக்கொண்டு வாழ்கிறோம். உங்கள் வீட்டுக்கும் யாராவது இலவசமாகச் சுவர் பூச வந்தால், முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள்.